கொலுவில் வைத்த ரோடு என்ஜின்

ரோடு என்ஜினின் முன் உருளைக்குப் பால் டின்தான் சரியான அளவு. பின்சக்கரங்களுக்குக் கோகோ டின் மூடி, புகைபோக்கிக்கு ஒரு சாண் பித்தளைக் குழாய். இதையெல்லாம் நான் யோசித்து எடுக்கவில்லை. கை பாட்டுக்கு எடுத்தது. என் மகன் செத்து அப்போது மூன்று மாதம். அவன் மேல் ஏறியதும் ரோடு என்ஜின்தான். அதையே உட்கார்ந்து பொம்மை செய்கிறானே, கிழவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். பிடித்திருந்தால் தேவலை.

என் பெயர் கரீமுல்லா. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் தகர வேலை செய்கிறேன். புனல், மண்ணெண்ணெய்ப் படி, உலைமூடி, ஒழுகுகிற அண்டாவுக்கு ஈயப் பற்று. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். ஊருக்கெல்லாம் உலைமூடி செய்து கொடுத்தவன் சொல்கிறேன், இல்லை.

தியாகராய நகரில் பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் தனபாலன் என்று ஒரு கான்ட்ராக்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ரோடு போடுகிறவர். அவர் மனைவி மீனாட்சியம்மாள் நவராத்திரிக்கு ஒன்பது படி கொலு வைப்பார். படிக்குக் கீழே மணல் கொட்டி, கேழ்வரகு முளைக்கவிட்டு, பார்க்கு ஒன்று போடுவார். அந்தப் பார்க்கில் வருஷத்துக்கு ஒரு யந்திரம் நிற்க வேண்டும், அதைச் செய்கிறவன் நான். முதல் வருஷம் ஏரோப்ளேன். அடுத்த வருஷம் மிலிட்டரி லாரி. லாரியை என்னோடு தூக்கிக்கொண்டு வந்தவன் என் மகன் ஷரஃபுதீன். அவன் அதன் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக் காட்டியதைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள்தான் புருஷனிடம் சொல்லி அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். ரோடு என்ஜினில் கரி போடச் சேர்ந்தவன் ஆறு மாதத்தில் டிரைவர் ஆகிவிட்டான். இருபத்து மூன்று வயது.

அவன் செத்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். அடையாற்றுப் பாலத்துக்கு ஏறுகிற சரிவில் ஜல்லி போட்டுக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் கூலி ஆட்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். என்ஜின் ஆவியோடு சரிவில் நின்றது. திரும்பி வந்து பார்த்தபோது என்ஜின் ஏழெட்டு அடி பின்னால் வந்திருந்தது, பின்சக்கரத்துக்குக் கீழே அவன் கிடந்தான். சக்கரத்து நிழலில் படுத்துத் தூங்கிவிட்டான், லீவரைச் சரியாகப் போடவில்லை என்று தனபாலன் சொன்னார். சர்க்கார் இன்ஜினீயர் ஒருவர் வந்து விசாரித்தார். ரிப்போர்ட் எழுதுவது பாக்கி. ஊர் அதற்குள் எழுதிவிட்டது. பள்ளிவாசலில், தண்ணீர்க் குழாயில், இறைச்சிக் கடையில், எங்கே போனாலும் ஒரே பேச்சு. 'நல்ல புள்ள, பாவம், தூங்கிட்டானாமே.'

இது ஊருக்குத் தெரிந்த கதை. எனக்கு மட்டும் தெரிந்தது இன்னொன்று உண்டு.

ரோடு என்ஜினில் நீளமாக ஒரு லீவர் இருக்கும். அதை நடுவில் நிறுத்தினால் என்ஜின் நிற்கும். லீவர் எகிறிவிடாமல் பிடித்துக்கொள்ள அதில் ஒரு கொக்கி. அது ஒரு பல்லில் போய் விழ வேண்டும். சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஷரஃபுதீன் அந்தக் கொக்கியைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். கழுத்தில் விரிசல் விட்டிருந்தது.

"புதுசு சீமைலேந்து வரணுமாம் அத்தா. சண்ட முடிஞ்சாத்தான் கப்பல் வருமாம். இன்னா பண்றது?"

பித்தளைப் பற்று வைக்க வேண்டிய இடம் அது. அதற்கு வெங்கார உப்பு வேண்டும், யுத்தத்தில் அது கிடைக்கவில்லை. தெரிந்த கொல்லுலைக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. மகன் என்னிடம் கொண்டுவந்திருக்கிறானே என்ற கொழுப்பு. கம்பியைச் சுற்றி ஈயத்தை ஊற்றிப் பற்று வைத்துக் கொடுத்தேன். ஈயம் அண்டாவுக்குத் தாங்கும். ஆவிச் சூட்டுக்குப் பக்கத்தில் இளகிவிடும். வாய் வார்த்தையாக, "நாலு நாள் தாங்கும், அதுக்குள்ள புதுசு போடச் சொல்லு" என்று மட்டும் சொன்னேன்.

சீமைக்குக் காத்திராமல் உள்ளூரிலேயே செய்து வாங்கி நாலாம் நாளே புதுக் கொக்கி போட்டுவிட்டேன் என்று தனபாலன் விசாரணையில் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். புதுக் கொக்கி இருந்தது என்றால் என் மகன் தூங்கினான். இல்லை என்றால் அவனைக் கொன்றது என் ஈயம். இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். மூன்று மாதமாக நான் மகன் தூங்கினான் என்பதையே வைத்துக்கொண்டிருந்தேன். நானெல்லாம் ஒரு தகப்பன்!

அடக்கம் செய்த மூன்றாம் நாள் என் மனைவி அமீனா பீ, "எம் புள்ள தூங்கல" என்றாள். "உனக்கு இன்னாடி தெரியும்?" என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எந்தப் பேச்சையுமே அதிகம் எடுக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கை மரத்துப்போனால் ஊசி குத்தினாலும் தெரியாதே, அந்த மாதிரி உடம்பு முழுக்க. நோன்பு மாதம் வந்தது. பகலெல்லாம் பட்டினி கிடந்தும் பசிக்கவில்லை. பொழுது சாய்ந்து கஞ்சி குடித்தால் அது கஞ்சி என்று தெரியும், அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் மீனாட்சியம்மாள் கைரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"பாய், இந்த வருசம் ஒண்ணும் செய்ய வேண்டாம். அதச் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன். வருசா வருசம் செய்யுதவரு நீரு, சொல்லாம இருந்தா மனசு கேக்கல."

"செய்றேம்மா" என்றேன். "ரோடு என்ஜின் செய்றேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய் சொன்னது. பிறகுதான் காரணம் புரிந்தது. செய்வதென்றால் அளவெடுக்க வேண்டும், அளவெடுக்க அந்த என்ஜினைப் பார்க்க வேண்டும். மூன்று மாதமாக அதன் பக்கம் போக எனக்குத் துணிச்சல் இல்லை.

என்ஜின் தனபாலனுடைய யார்டில் பூட்டிக் கிடந்தது. சம்பவத்துக்குப் பிறகு யாரும் ஓட்டவில்லை. தனபாலனே சாவியோடு வந்தார்.

"எடுத்துக்கிடும் பாய், நல்லா அளவெடும். கொலுவுக்கு இன்ஜினீயர் ஐயா குடும்பத்தோட வாராரு. தத்ரூபமா இருக்கணும், என்ன?" என்று சொல்லிவிட்டு வாட்ச்மேன் வெள்ளைத்துரையை எனக்குக் காவலாக வைத்துவிட்டுப் போனார்.

ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்கு. நூலைப் பிடித்து அளந்து சிலேட்டில் எழுதினேன். ஆனால் அளவு மட்டும் எழுதினால் அது பொம்மை. யந்திரத்தை யந்திரமாகக் காட்டுவது அழுக்கும் தேய்மானமும்தான். கூரையில் எங்கே சொட்டை, எந்த ரிவெட்டுக்குக் கீழே துரு வழிந்திருக்கிறது, டிரைவர் நிற்கிற தகட்டில் கால் பட்டு எங்கே பளபளக்கிறது, எல்லாம் பார்க்க வேண்டும். பார்த்தேன். பளபளப்பு இரண்டு பாதம் அளவுக்கு இருந்தது. அதில் நான் ஏறி நிற்கவில்லை.

லீவருக்கு வந்தேன். கைப்பிடி மழமழவென்று வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. பல்லும் தேய்ந்திருந்தது. கொக்கி மட்டும் புத்தம் புதுசு. பச்சை வர்ணம் முனை வரைக்கும் அப்படியே இருந்தது. ஒரு நாள் அந்தப் பல்லில் விழுந்து எழுந்திருந்தாலும் முனையில் வர்ணம் உரிந்திருக்கும். பத்து நாள் கை பட்டிருந்தால் ஓரம் வெளுத்திருக்கும். அது ஒரு தடவைகூட விழவில்லை; அவன் போன பிறகு மாட்டியது. குனிந்தேன். லீவருக்கு நேர் கீழே, தகட்டின் இடுக்கில், மிளகு அளவுக்கு இரண்டு சொட்டு. நகத்தால் கீறினேன். ஈயம்.

என் ஈயம் எனக்குத் தெரியாதா? நாற்பது வருஷமாக அதோடு குடித்தனம் நடத்துகிறவன்.

"இன்னா பாய், ஒரு மாரி ஆயிட்ட? தண்ணி குடிக்கிறியா?" என்றார் வெள்ளைத்துரை.

"நோன்பு" என்றேன். சிலேட்டை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் வரைக்கும் நடந்தே வந்தேன். வழியில் அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

என்ஜினைச் செய்ய இருபது நாள் ஆயிற்று. ரிவெட்டுத் தலைகளைத் தகட்டின் பின்பக்கமிருந்து ஆணியால் ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பினேன், நூற்றுப் பன்னிரண்டு. தண்ணீர்க் குழாய்க்குச் சணல் கயிற்றைத் தாரில் முக்கிச் சுருட்டி வைத்தேன். கரிப்பெட்டியில் அடுப்புக்கரியை நொறுக்கிப் போட்டேன். வர்ண வேலை எப்போதும் அமீனா பீயுடையது. விளக்குப் புகையைக் கோந்தில் குழைத்துப் புகைபோக்கிக்குக் கரி படிய வைப்பாள், செங்கல் பொடியால் துரு வரவழைப்பாள். கொடுப்பாளா மாட்டாளா என்று தயங்கித்தான் அவள் முன்னால் வைத்தேன். பார்த்தாள். தூரிகையை எடுத்துக்கொண்டாள்.

கொக்கியை மட்டும் நான் அவளிடம் கொடுக்கவில்லை. கொக்கி இரண்டு செய்திருந்தேன். ஒன்று ஒழுங்கானது, யார்டில் இருப்பதுபோல. லீவரில் மாட்டினால் போதும். இன்னொன்று கழுத்தில் விட்டு, கம்பி சுற்றிய கொக்கி. அதற்கு ஈயம் வைத்தாக வேண்டும். எதை மாட்டுவது? இரண்டாவதை மாட்டினால் இன்ஜினீயர் கேட்பார், நான் சொல்ல வேண்டியிருக்கும். மகன் தூங்கவில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். மகனைக் கொன்றது யார் என்று இவளுக்கும் தெரிந்துவிடும். முதலாவதை மாட்டிவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். உள்ளதைச் சொல்கிறேன். பயந்துவிட்டேன்.

அந்த வருஷம் பெருநாளும் கொலுவும் ஒரே பிறைக்கு வந்தன. பெருநாளுக்கு நாங்கள் ஒன்றும் வாங்கவில்லை. பெருநாளுக்கு மறுநாள் விடிந்ததும், கொண்டுபோவதற்காக என்ஜினை எடுத்து வைத்தேன். வர்ணம் காய்ந்திருந்தது. அப்படியே யார்டில் நிற்கிற என்ஜின், கூரைச் சொட்டைகூட. லீவரின் கைப்பிடியில் நான் வைக்காத ஒன்று இருந்தது. சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு நீலக் கட்டம் போட்ட துணி, இறுகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. ஷரஃபுதீனுடைய கைலித் துணி. சூடு தாங்காது என்று அவன் லீவரில் கைலிக் கிழிசலைச் சுற்றி வைத்திருப்பான்.

கொக்கியை மாட்ட அந்தத் துணியை அவிழ்த்தேன். அதற்குக் கீழே வர்ணம் இல்லை. லீவர் முழுக்கப் பச்சை பூசி, கொக்கி வருகிற இடத்தில் மட்டும் துவரம்பருப்பு அளவுக்கு வெறும் தகரமாக விட்டிருந்தாள். விட்டது மட்டும் இல்லை, மணலால் தேய்த்துச் சுத்தம் பண்ணியும் வைத்திருந்தாள். வர்ணத்தின் மேல் ஈயம் ஒட்டாது. என்னோடு முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு அது தெரியும்.

தலையைத் தூக்கியபோது அவள் கதவுப் பக்கம் நின்றிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"அவன் சொன்னான்" என்றாள். "போறதுக்கு மொதநாள் காலைல. 'அத்தா வெச்ச ஈயப் பத்து ஆடுதும்மா, மொதலாளி புதுசு போடல, எறங்கி எறங்கிச் சக்கரத்துக்குக் கட்ட குடுத்துத்தான் நிக்க வெச்சிக்கினு கீறேன்'னான். 'அத்தா கிட்ட சொல்லாத, அவரு வெச்ச பத்து நிக்கலன்னா மனசு ஒடிஞ்சி பூடுவாரு'ன்னான்."

கட்டை கொடுக்கத்தான் சக்கரத்துக்குப் பின்னால் போயிருக்கிறான்.

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். உனக்கு இன்னாடி தெரியும்னு கேட்டீங்க. அப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். சொன்னா இந்த வீட்லேந்து ரெண்டாவது மையத்தையும் தூக்க வேண்டி வரும்னு தோணிச்சு. அதான் வாய மூடிக்கினேன்." உள்ளே வந்து, "எவ்ளோ நாள்தான் மூடிக்கினு இருக்கறது? புள்ளயத் தூங்குமூஞ்சின்றாங்க. அவன் ஒரு நாளும் விடியக்கால ஃபஜ்ருத் தொழுகைக்குக்கூட யாரும் எழுப்பி எழுந்தவன் இல்ல" என்றாள்.

நான் அடுப்பைப் பற்றவைத்தேன். பற்றுக்கோலைக் காயவைத்து, இரண்டாவது கொக்கியை எடுத்து, அன்றைக்கு எப்படி வைத்தேனோ அப்படியே வைத்தேன். அதே கம்பிச் சுற்று, அதே உருண்டை. கொக்கியை விரலால் பிடித்துக்கொண்டே ஈயம் ஊற்றினேன். தோல் கருகிய வாசனை வந்த பிறகுதான் விரல் சுட்டது தெரிந்தது. வலி இல்லை. துணியைக் கொக்கிக்கு மேலே தள்ளிக் கைப்பிடியில் மறுபடி சுற்றி முடிச்சுப் போட்டேன்.

தனபாலன் வீட்டில் மீனாட்சியம்மாள் களிமண்ணில் பாலமும் சரிவும் போட்டிருந்தார். ஜல்லிக்குக் கோதுமை ரவை, சரிவுக்கு இரண்டு பக்கமும் கேழ்வரகுப் பயிர். என்ஜினைச் சரிவில் ஏற்றினேன். வண்டியை நிறுத்திப் பிடிப்பது அந்தக் கொக்கி ஒன்றுதான். அப்படித்தான் செய்திருந்தேன்; லீவர் எகிறினால் சக்கரம் விட்டுவிடும். பல்லில் கொக்கியை விழ வைத்துவிட்டு ஓரமாக நின்றேன்.

சாயங்காலம் இன்ஜினீயர் மனைவியோடு வந்தார். பெண்கள் பாடிச் சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இன்ஜினீயர் படிகளைப் பார்க்கவே இல்லை. நேரே என்ஜினுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"அடேயப்பா! ரிவெட்டைக்கூட எண்ணி வெச்சிருக்காரே. கூரையில அந்த நசுங்கல்கூட இருக்கு."

"நம்ம பாய்தான் சார். சொன்னேம்லா, கைகாரரு" என்றார் தனபாலன் சிரித்துக்கொண்டே.

இன்ஜினீயர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இன்னும் குனிந்தார். "எல்லாம் சரி. இந்தக் கொக்கியில மட்டும் என்ன உருண்டையா? இங்க புதுசு இல்ல இருக்கணும்?"

"அது ஒண்ணுமில்ல சார். தகரக்காரன் வேல, அப்படித்தான் ஒட்டிக்கிட்டு இருக்கும்" என்றார் தனபாலன். சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

"தொட்டுப் பாருங்க சார்" என்றேன்.

அவர் ஒரு விரலால் லீவரை அழுத்தினார். ஈயம் விட்டது. லீவர் எகிற, என்ஜின் சரிவில் பின்னால் உருண்டது. பக்கத்தில் உட்கார்ந்து குங்குமம் கொடுத்துக்கொண்டிருந்த மீனாட்சியம்மாள் "ஐயோ!" என்று சடக்கெனக் கையைப் பின்சக்கரத்துக்குக் குறுக்கே வைத்தார். என்ஜின் அவர் கையில் மோதி நின்றது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எதிரே உருண்டு வருவதை நிறுத்த எல்லாரும் செய்வது அதுதான். அந்த அம்மாள் கையை எடுக்கவே இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார், கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது.

பாட்டு நின்றுவிட்டது.

"இது யார் வெச்ச பத்து?" என்றார் இன்ஜினீயர்.

"நான் வெச்சது சார். இதுல வெச்சதும் நான், அதுல வெச்சதும் நான். அன்னிக்கு என்ஜின்ல இருந்தது இந்தக் கொக்கிதான். யார்டுல போய்ப் பாருங்க, புதுக் கொக்கி ஒரு வாட்டிகூடப் பல்லுல விழல, வர்ணம் அப்டியே கீது. லீவருக்குக் கீழ என் ஈயம் ரெண்டு சொட்டு கெடக்குது. எம் புள்ள தூங்கல சார். கொக்கி நிக்காதுன்னு கட்ட குடுக்கக் குனிஞ்சான்."

"வே பாய், என்ன பேசுதீரு? புத்தி கித்தி…" என்று தனபாலன் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் மீனாட்சியம்மாள். புருஷனை அப்படி நாலு பேருக்கு நடுவில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

இன்ஜினீயர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "தனபாலன், யார்டு சாவியை இப்பவே எங்கிட்ட குடுத்துடுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க பேரையும் எழுத வேண்டி வரும், தெரியுமில்ல?" என்றார்.

"எழுதுங்க சார். கரீமுல்லா. தகர வேலை" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அமீனா பீ அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "சொன்னீங்களா?" என்றாள்.

"சொன்னேன்."

"தூங்கலன்னு?"

"தூங்கலன்னு சொன்னேன். பத்து வெச்சது நான்னும் சொன்னேன்."

அவள் அரிசியைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். எதற்கு என்று பார்த்தால், விரலைத் திருப்பிப் பார்க்கிறாள். இரண்டு விரலிலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது.

"இன்னா இது?"

"காலைல சுட்டுக்கினேன்."

"காலைலயா? இவ்ளோ நேரம் சும்மாவா இருந்தீங்க? வலிக்கல?"

அப்போது வலிக்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வலிக்குது அமீனா" என்றேன். "ரொம்ப வலிக்குது."